வட்டு ஒன்று, பெயர் நான்கு: எமுலேட்டருக்குள் ஒரு பூட்லோடர்

கியூஎமு எமுலேட்டரின் சன்னலில் ‘பூட்டிங் ஃப்ரம் ஹார்ட் டிஸ்க்...’ என்று ஒரு வரி வருகிறது. அத்தோடு சரி. பிழைச் செய்தி இல்லை, லாக் இல்லை. மூன்று புள்ளிகளுக்குப் பக்கத்தில் கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கிறது. தானே தயாரித்த வட்டிலிருந்து எமுலேட்டருக்குள் ஓர் இயங்குதளத்தைக் கிளப்பப் பார்த்த எவருக்கும் இந்த வரி பழக்கமானதுதான்.

நிஜக் கணினியில் பூட்லோடர் இல்லாமல் காரியம் நடக்காது. மின்சாரம் வந்த கணத்தில் நினைவகம் காலி. கெர்னலை வட்டில் தேடி எடுத்து, நினைவகத்தில் உரிய இடத்தில் வைத்து, அதற்கு வேண்டிய விவரங்களைக் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள ஒருவர் வேண்டும். எமுலேட்டரில் அந்தக் கட்டாயம் இல்லை. கெஸ்ட் எந்திரத்தின் நினைவகம் என்பது ஹோஸ்ட் கணினியில் ஓடும் ஒரு நிரலின் கையிலுள்ள இடம். கெர்னலை நேரே அங்கே எழுதிவிட்டு, ‘இங்கிருந்து ஓடு’ என்று சொல்லிவிடலாம். ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமுவில் ‘கெர்னல்’ என்ற ஒரே ஆப்ஷன் இதைச் செய்துவிடுகிறது. அப்படியிருக்க, போலி எந்திரத்துக்குள் கிரப், யூபூட் போன்ற பூட்லோடர்களை அமைக்க ஏன் இவ்வளவு பேர் மல்லுக்கட்டுகிறார்கள்?

இதற்கு இதுவரை வந்திருக்கும் வழிகளை எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்லோடரின் பெயரில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி பூட்லோடருடையது அல்ல. ஒரே வட்டை ஹோஸ்ட், ஃபர்ம்வேர், பூட்லோடர், கெர்னல் என நான்கு தரப்பும் நான்கு பெயரில் அழைப்பதால் வருகிறது அது. அமைவை எங்கே வைப்பது என்ற கேள்வியோ, எந்தக் கெர்னல் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்விதான்.

512 பைட்டில் ஒரு வாசல்

எமுலேட்டர் எவ்வளவு புதியதானாலும், பழைய பயாஸ் முறையில் கிளம்பும் கெஸ்ட் 1981ஆம் ஆண்டு ஐபிஎம் பிசியின் வழக்கத்தைத்தான் கடைப்பிடிக்கிறது. கியூஎமுவுக்கு அந்தப் பயாஸாக இருப்பது கெவின் ஓ’கானர் எழுதிய சீபயாஸ். 2009இல் வந்த 0.12 பதிப்பிலிருந்து இதுதான் இயல்பிருப்பு. அது வட்டின் முதல் செக்டரை, அதாவது 512 பைட்டை, நினைவகத்தில் பதினறும எண்முறைப்படி 7சி00 என்ற முகவரியில் ஏற்றுகிறது. கடைசி இரண்டு பைட்டும் 55, ஏஏ என்று இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் அங்கே குதிக்கிறது. இல்லையென்றால், துவக்கக்கூடிய வட்டு இல்லை என்று அறிவித்துவிட்டு அடுத்த சாதனத்துக்குப் போகிறது.

7சி00 ஏன்? தசமத்தில் அது 31,744. அந்நாளைய டாஸுக்குக் குறைந்தபட்சம் 32 கேபி நினைவகம் வேண்டும் என்று கணக்கிட்டு, அதன் கடைசி ஒரு கேபியை ஒதுக்கினார்கள்: பாதி அந்தச் செக்டருக்கு, மீதி அதன் தற்காலிகத் தேவைகளுக்கு. இன்று 16 ஜிபி கொடுத்துத் தொடங்கும் கெஸ்டும் பயாஸ் முறையில் அந்த முகவரியில்தான் முதல் மூச்சு விடுகிறது.

512 பைட்டும் பூட்லோடருக்குக் கிடைப்பதில்லை. பார்ட்டிஷன் அட்டவணைக்கு 64, முத்திரைக்கு 2 போக, நிரலுக்கு மிஞ்சுவது 446. அதற்குள் ஒரு கோப்பு முறைமையைப் படிக்கும் நிரலை எழுத முடியாது. அதனால் கிரப் தன்னைப் பிரித்துக்கொள்கிறது. முதல் துண்டுக்குத் தெரிந்தது ஒரே ஒரு செக்டர் எண். அந்த எண்ணில் இரண்டாம் துண்டான கோர் இமேஜ் தொடங்குகிறது. கோர் இமேஜுக்குத்தான் கோப்புகளைப் படிக்கத் தெரியும். அது எங்கே இருக்கிறது? முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே, யாருக்கும் சொந்தமில்லாத புறம்போக்கில். பழைய வட்டுகளில் முதல் பார்ட்டிஷன் 63ஆம் செக்டரில் தொடங்கும். நடுவே 62 செக்டர், அதாவது 31,744 பைட். மேலே சொன்ன நினைவக முகவரியும் இதே எண்தான், தற்செயல், வேறொன்றுமில்லை. இப்போது 1 எம்பி எல்லையில், 2048ஆம் செக்டரில் தொடங்குவது வழக்கமாகிவிட்டதால் இடத்துக்குக் குறைவில்லை.

ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் இந்தப் புறம்போக்கு கிடையாது. முதல் பார்ட்டிஷனுக்கு முன்னால் உள்ள செக்டர்களில் அட்டவணையே உட்கார்ந்திருக்கிறது. அதனால் பயாஸோடு ஜிபிடி வட்டைப் பயன்படுத்துவோர் கிரப்புக்கென்று ஒரு மெகாபைட் அளவில் ஒரு சிறிய ‘பயாஸ் பூட்’ பார்ட்டிஷன் ஒதுக்க வேண்டும். இமேஜ் கோப்பு தயாரிக்கும்போது பலரும் விட்டுவிடுவது இதைத்தான். அந்தப் பார்ட்டிஷன் வகையின் அடையாள எண்ணை எழுத்துகளாகப் படித்தால் ‘ஹா! ஐ டோன்ட் நீட் ஈஎஃப்ஐ’ என்று வரும். தரநிலைகளுக்குள் இப்படிக் கிண்டலை ஒளித்துவைப்பவர்கள் இருக்கும்வரை இந்தத் துறை முற்றிலும் வறண்டுபோகாது.

திரையில் எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்தே பழுது எங்கே என்று சொல்லிவிட முடியும். சீபயாஸ் வரியோடு நின்றால் முதல் செக்டரில் முத்திரை இருக்கிறது, உருப்படியான நிரல் இல்லை. ‘கிரப்’ என்ற சொல்லும் பக்கத்தில் ‘ரீட் எரர்’ போன்ற ஒன்றும் வந்தால் முதல் துண்டு ஓடியிருக்கிறது, இரண்டாவது கிடைக்கவில்லை. ‘கிரப் ரெஸ்க்யூ’ என்று கேட்டு நின்றால் கோர் இமேஜ் வந்துவிட்டது. தன் கோப்புகள் இருக்கும் அடைவு அதற்கு அகப்படவில்லை. வெறும் ‘கிரப்’ என்று கேட்டால் எல்லாம் வந்துவிட்டது, அமைவுக் கோப்பு மட்டும் இல்லை. இதற்கு முந்தைய லிலோவில் இதுவே எழுத்து எழுத்தாக நடக்கும்: ‘எல்’ மட்டும் வந்தால் ஒரு நோய், ‘எல்ஐ’ வரை வந்தால் வேறு நோய்.

பெயர்க் குழப்பம்

வெர்னர் அல்மெஸ்பெர்கர் 1992 வாக்கில் எழுதிய லிலோவுக்குக் கோப்பு முறைமை என்றாலே என்னவென்று தெரியாது. கெர்னல் வட்டின் எந்தெந்தச் செக்டர்களில் கிடக்கிறது என்று நிறுவும்போதே பட்டியல் எடுத்து வைத்துக்கொள்ளும். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு லிலோ கட்டளையை மறுபடி ஓட்ட மறந்தால் பட்டியல் பழசு, கணினி கிளம்பாது. இமேஜ் கோப்பில் நிறுவுவது இன்னும் வேதனை. ஹோஸ்டில் லூப் சாதனமாகத் தெரியும் அந்தக் கோப்பு, கெஸ்டில் முதல் வட்டாகத் தெரியப்போகிறது என்று லிலோவுக்கு நாமே எழுதிக்கொடுக்க வேண்டும். பயாஸ் எண் 80, தலைகள் 255, செக்டர்கள் 63, சிலிண்டர்கள் இத்தனை என்று இல்லாத வட்டின் வடிவத்தையெல்லாம் கணக்குப் போட்டு நிரப்ப வேண்டும். ஒன்று பிசகினாலும் ‘எல்ஐ’தான்.

எரிக் போலின் 1995இல் தொடங்கிய கிரப், கோப்பின் பெயரைச் சொன்னால் தானே தேடி எடுத்துக்கொள்ளும். இது பெரிய முன்னேற்றம். ஆனால் பெயர்ச் சிக்கலை அது தீர்க்கவில்லை, இடம் மாற்றியது. எளிய ஓர் உதாரணம். ஒரு இமேஜ் கோப்பில் ஒரே ஒரு பார்ட்டிஷன். ஹோஸ்டில் அதை இணைத்தால் ‘லூப்0பி1’. சீபயாஸுக்கு அந்த வட்டு 80 என்ற எண். கிரப்புக்கு ‘ஹெச்டி0, எம்எஸ்டாஸ்1’. லினக்ஸ் கெர்னலுக்கோ, கியூஎமுவில் ஐடிஇ வட்டாகக் கொடுத்தால் ‘எஸ்டிஏ1’, வர்ட்ஐஓ வட்டாகக் கொடுத்தால் ‘விடிஏ1’, என்விஎம்இ என்றால் இன்னொரு நீண்ட பெயர். போதாக்குறைக்கு, கிரப் வட்டுகளைச் சுழியத்திலிருந்தும் பார்ட்டிஷன்களை ஒன்றிலிருந்தும் எண்ணுகிறது. பழைய கிரப் 0.97இல் இரண்டுமே சுழியத்திலிருந்து. இணையத்தில் கிடக்கும் பழைய குறிப்புகளை அப்படியே எடுத்துப் போடுபவர்கள் முந்தைய பார்ட்டிஷனைத் தட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

அமைவுக் கோப்பில் எழுத வேண்டிய வரிகள் ஐந்தாறுதான். மூலப் பார்ட்டிஷன் எது, கெர்னல் கோப்பு எது, தொடக்கத் தற்காலிகக் கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ் எது, கெர்னலுக்குக் கொடுக்கும் வாசகம் என்ன. இதில் மூலப் பார்ட்டிஷனைக் கிரப்பின் பெயரிலும், கெர்னலின் வாசகத்தில் வரும் ‘ரூட்’டைக் கெர்னலின் பெயரிலும் எழுத வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் படிப்பதாக நினைத்து எழுதும்போது தவறு நுழைகிறது. விளைவு, கெர்னல் நன்றாகக் கிளம்பி, நூறு வரி உதிர்த்து, கடைசியில் மூலக் கோப்பு முறைமையை ஏற்ற முடியவில்லை, ‘அன்நோன் பிளாக் (0,0)’ என்று கெர்னல் பேனிக்கில் விழும். பழியைக் கிரப் சுமக்கும். அது தன் வேலையை முடித்துப் போய் வெகுநேரம் ஆகியிருக்கும்.

சாதனப் பெயரை விட்டுவிட்டு, கோப்பு முறைமையிலேயே பொறித்திருக்கும் யூயூஐடி எண்ணால் தேடச் சொல்வதே சரியான தீர்வு. வட்டு எந்தக் கம்பியில் தொங்கினாலும் அந்த எண் மாறாது. ஆனால் இங்கும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோப்பு முறைமையின் யூயூஐடியைக் கெர்னல் தானாகப் புரிந்துகொள்ளாது. இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் நிரல்கள்தான் தேடிக் கொடுக்கும். இனிட்ராம்எஃப்எஸ் இல்லாமல் சிறிய கெர்னலை மட்டும் கிளப்புவோர் பார்ட்டிஷனின் எண்ணான பார்ட்யூயூஐடியைக் கொடுக்க வேண்டும். ஐடிஇயாக இருந்த வட்டை வேகத்துக்காக வர்ட்ஐஓவாக மாற்றினால், அதற்கான டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் இருக்க வேண்டும் என்பது அடுத்த நிபந்தனை. விண்டோஸில் இதே மாற்றம் 7பி என்ற எண்ணோடு நீலத்திரையாக வந்து நிற்கும்.

ஹோஸ்டிலேயே இமேஜை இணைத்து, சிரூட் செய்து உள்ளே போய்க் கிரப்பை நிறுவுவது பரவலான வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிரூட்டுக்குள் கோப்புகள் கெஸ்டுடையவை, சாதனங்களோ ஹோஸ்டுடையவை. அமைவுக் கோப்பைத் தானாக உருவாக்கும் கட்டளையை அங்கே ஓட்டினால், யூயூஐடி இணைப்புகள் கண்ணில் படாதபோது ‘ரூட்’ என்ற இடத்தில் ‘லூப்0பி1’ என்றே எழுதிவிடும். கெஸ்டில் அப்படி ஒரு சாதனமே இருக்காது. ஓஎஸ்-புரோபர் என்ற துணை நிரல் இன்னொரு படி மேலே போய், ஹோஸ்டின் வட்டுகளில் இருக்கும் விண்டோஸையும் லினக்ஸையும் கண்டுபிடித்துக் கெஸ்டின் மெனுவில் சேர்த்துவிடும். 2021இல் வந்த கிரப் 2.06 முதல் அது இயல்பாக ஓடாதபடி நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, நல்லதுதான். எல்லாவற்றிலும் மோசமானது, நிறுவும் கட்டளையில் பழக்கதோஷத்தில் ‘எஸ்டிஏ’ என்று அடிப்பது. எழுதப்படுவது ஹோஸ்டின் முதல் செக்டர்.

மாற்று எளிது. அந்த இமேஜையும் ஒரு லைவ் ஐஎஸ்ஓவையும் கொடுத்து எமுலேட்டரையே கிளப்பி, உள்ளே போய் நிறுவ வேண்டும். அங்கே ‘எஸ்டிஏ’வோ ‘விடிஏ’வோ, இருப்பது கெஸ்டின் வட்டு மட்டும்தான். தவறாக எழுதினாலும் கெடுவது ஒரு கோப்பு. சில நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே. கியூகவ்2 வடிவ இமேஜை ஹோஸ்டில் திறக்கக் கியூஎமு-என்பிடி போன்ற கருவிகளைத் தேடும் வேலையும் மிச்சம்.

பல இயங்குதளம், ஒரே மெனு

ஒரே போலி எந்திரத்தில் பல இயங்குதளங்களை வைத்து மெனுவில் தேர்ந்தெடுப்பது இன்று பெரும்பாலும் வீண் வேலை. ஆளுக்கொரு எந்திரம் கொடுத்துவிடலாமே. ஆனால் தேவை உண்மையாகவே இருக்கும் இடங்களும் உண்டு. பூட்லோடரின் மெனுவையே சோதிப்பவர்கள், பழைய டாஸ், விண்டோஸ்களைப் பாதுகாப்பவர்கள். டாஸுக்குத் தான் முதல் வட்டில் இருப்பதாக நம்பிக்கை வேண்டும். இரண்டாம் வட்டில் இருந்தால் கிரப்பின் ‘டிரைவ்மேப்’ கட்டளையால் இரண்டையும் எண் மாற்றிக் காட்டி, பிறகு ‘செயின்லோடர்’ மூலம் அந்த வட்டின் முதல் செக்டரை ஏற்றிக் கைமாற்றலாம். விண்டோஸுக்கும் பயாஸ் முறையில் இதே சங்கிலிதான். கிரப் அதன் கெர்னலைத் தொடுவதில்லை, அதன் பூட்லோடரை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

உண்மையில் ஆபத்தான வகை ஒன்று இருக்கிறது. மடிக்கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இரட்டை பூட்டாக இருக்கின்றன. லினக்ஸில் இருந்தபடியே, அதே வட்டின் விண்டோஸ் பார்ட்டிஷனை எமுலேட்டரில் கிளப்ப ஆசை. நிஜ வட்டையே கெஸ்டுக்குக் கொடுத்தால், எழும் கிரப்பும் அதே கிரப்; மெனுவின் முதல் வரி லினக்ஸ். சில விநாடி கவனிக்காமல் விட்டால், வெளியே ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸே உள்ளேயும் கிளம்பும். இரண்டு கெர்னல்கள் ஒரே எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை ஏற்றி, ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாமல் எழுதத் தொடங்கினால் மிஞ்சுவது எதுவும் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸ் கையேடு இதை எச்சரிப்பதோடு ஒரு நல்ல வழியும் தருகிறது. குறிப்பிட்ட பார்ட்டிஷன்களை மட்டும் கெஸ்டுக்குத் திறந்துவிட்டு, முதல் செக்டருக்குப் பதில் தனியாக ஒரு கோப்பிலிருக்கும் எம்பிஆரைக் கெஸ்டுக்குக் காட்டலாம். நிஜ வட்டின் முதல் செக்டர் அப்படியே இருக்கும். எமுலேட்டருக்குள் மட்டும் நேராக விண்டோஸ் கிளம்பும். இந்தத் துறையில் நான் மதிக்கும் தீர்வுகளில் இது ஒன்று. பெயர்க் குழப்பத்தை வேரிலேயே வெட்டுகிறது.

சொந்தமாக இயங்குதளம் எழுதிப் பழகுவோர் பெரும்பாலும் மல்டிபூட் வழியைப் பிடிக்கிறார்கள். கெர்னல் கோப்பின் முதல் 8192 பைட்டுக்குள் 1பிஏடிபி002 என்ற மந்திர எண்ணை வைத்தால் கிரப் அதை அடையாளம் காணும். ‘ஒன் பேட் பூட்’ என்று படித்துக்கொள்ளலாம். பிறகு கிரப்-எம்கேரெஸ்க்யூ கட்டளை ஒரு ஐஎஸ்ஓவைத் தட்டித் தந்துவிடும். இங்கே புதியவர்களைக் குப்புறத் தள்ளும் ஒரு பொறி உண்டு. ஹோஸ்ட், பயாஸுக்கு மாற்றாக வந்த யூஈஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருந்தால் கிரப்பின் பயாஸ் கோப்புகள் அதில் இல்லாமல் போகலாம். அப்போது உருவாகும் ஐஎஸ்ஓவும் யூஈஎஃப்ஐக்கு மட்டும் பொருந்தும். கியூஎமுவோ சீபயாஸோடு கிளம்பி, சிடியைப் படிக்க முடியவில்லை, கோட் 0009 என்று கைவிரிக்கும். டெபியன், உபுண்டுவில் ‘கிரப்-பிசி-பின்’ என்ற தொகுப்பைப் போட்டு ஐஎஸ்ஓவை மறுபடி உருவாக்கினால் சரியாகிவிடும். இதற்குள் தன் கெர்னலின் அசெம்பிளி வரிகளை நாள் முழுக்கத் திருத்தியவர்கள் ஏராளம்.

யார் கையில் சாவி

இனி பூட்லோடரை வெளியே வைப்பவர்கள் பக்கம். ‘கெர்னல்’ ஆப்ஷன் கெர்னல் எழுதுவோருக்குச் சொர்க்கம். மாற்றி, கம்பைல் செய்து, வட்டைத் தொடாமலே கிளப்பலாம். எம்ஐடியின் பாடத்துக்கான எக்ஸ்வி6 இயங்குதளம் இதற்கு நல்ல சான்று. இன்டெல் சிப்புகளுக்கான அதன் பழைய வடிவத்தில் மாணவர்கள் படிக்க ஒரு சொந்த பூட்லோடர் இருந்தது. 510 பைட்டைத் தாண்டினால் கட்டுமானமே நின்றுவிடும்படி ஒரு சிறிய நிரல் அளந்து பார்க்கும். ரிஸ்க்-வி வடிவத்துக்கு மாறியபோது அந்தப் பகுதி காணாமல் போயிற்று. கியூஎமு கெர்னலை 80000000 என்ற பதினறும முகவரியில் வைத்துவிடுகிறது; பயாஸ் வேண்டாம் என்று கட்டளையிலேயே சொல்லிவிடுகிறார்கள். பாடம் தெளிவானது. வாசலின் இடுக்கை மாணவர்கள் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு போனது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

ஆனால் நாள்பட ஓடப்போகும் கெஸ்டுக்கு இந்த வழி சரிவராது. கெஸ்டுக்குள் கெர்னல் புதுப்பிப்பு வந்து, புதிய கெர்னல் அதன் வட்டில் அழகாக அமர்கிறது. அடுத்த முறை ஓடுவதோ ஹோஸ்டில் கிடக்கும் பழைய கெர்னல். பழையதற்கான மாட்யூல்கள் பின்னால் சுத்தம் செய்யப்பட்டு வட்டிலிருந்து நீங்கியிருந்தால், நெட்வொர்க் டிரைவர் ஏறாது. உள்ளே இருப்பவருக்குக் காரணம் புரியவே புரியாது, ஏனென்றால் காரணம் அவர் எந்திரத்திலேயே இல்லை.

மேகக்கணினிச் சேவைகள் இந்த இழுபறியைப் பெரிய அளவில் கண்டன. ஜென் ஹைப்பர்வைசரில் பைகிரப் என்ற நிரல் ஹோஸ்ட் பக்கத்தில் ஓடும். கெஸ்டின் வட்டைத் திறந்து, அதன் கிரப் அமைவுக் கோப்பைப் படித்து, கெர்னலை வெளியே எடுத்துக் கொடுக்கும். வாடிக்கையாளருக்கு வசதி. ஆனால் யாரோ ஒரு வாடிக்கையாளர் விஷமமாகத் தயாரித்த கோப்பு முறைமையை, முழு அதிகாரமுள்ள ஹோஸ்ட் நிரல் வாசிக்கிறது என்றால் பாதுகாப்பு அதிகாரிக்குத் தூக்கம் வராது. அதனால் கெஸ்டின் எல்லைக்குள்ளேயே ஓடும் பிவி-கிரப் வந்தது. அமேசானின் ஈசி2 சேவை 2010இல் இதை ஏற்ற பிறகுதான் வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்தக் கெர்னலைத் தேர்ந்தெடுக்க முடிந்தது.

2014 ஜனவரியில் ஃப்ரீபிஎஸ்டி 10.0உடன் வந்த பிஹைவ் இன்னும் வினோதம். தொடக்கத்தில் அதற்குப் பயாஸே கிடையாது. ஃப்ரீபிஎஸ்டி கெஸ்டென்றால் பிஹைவ்லோட், லினக்ஸ் என்றால் கிரப்-பிஹைவ். கிரப் ஒரு சாதாரண நிரலாக ஹோஸ்டின் டெர்மினலில் ஓடும். ‘டிவைஸ்.மேப்’ என்ற இரண்டு வரிக் கோப்பில், ஹெச்டி0 என்றால் இந்த இமேஜ், சிடி0 என்றால் அந்த ஐஎஸ்ஓ என்று எழுதித் தர வேண்டும். அது கெர்னலைக் கெஸ்டின் நினைவகத்தில் வைத்துவிட்டு முடிந்துபோகும். பிறகு பிஹைவ் தனியாகக் கிளம்பும். கெஸ்ட் ரீபூட் ஆனால் இரண்டையும் மறுபடி வரிசையாக ஓட்ட ஒரு ஸ்கிரிப்ட் வேண்டும். யூஈஎஃப்ஐ ஃபர்ம்வேர் வந்ததும் பெரும்பாலோர் இதைக் கைவிட்டார்கள். ஆயினும் ஹோஸ்டின் பெயரையும் கிரப்பின் பெயரையும் ஒரே கோப்பில் வெளிப்படையாக எழுதிவைத்த அமைப்பு இது.

எதிர்த்துருவத்தில் நிற்பது அமேசான் 2018 நவம்பரில் வெளியிட்ட ஃபயர்கிராக்கர். பயாஸும் இல்லை, பூட்லோடரும் இல்லை. கெர்னல் நேரே ஏறி, 125 மில்லி விநாடியில் பயனர் நிரலைத் தொடும் அளவுக்கு வேகம். சில நொடி வாழ்ந்து மறையும் எந்திரத்துக்குத் தன் கெர்னலைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை எதற்கு? அங்கே இந்த வழி முற்றிலும் சரி.

யூஈஎஃப்ஐ தீர்த்ததும் தீர்க்காததும்

யூஈஎஃப்ஐ முறையில் 446 பைட் இடுக்கு இல்லை, புறம்போக்கும் இல்லை. ஃபர்ம்வேருக்கே ஃபேட் கோப்பு முறைமை படிக்கத் தெரியும். பூட்லோடர் ஒரு சாதாரண ‘.ஈஎஃப்ஐ’ கோப்பு. கியூஎமுவில் இதற்கு ஓவிஎம்எஃப் என்ற ஃபர்ம்வேர். பூட்லோடர் எழுதுவோருக்கு இதில் ஓர் அருமையான வசதி: ஹோஸ்டின் ஓர் அடைவையே ஃபேட் வட்டாகக் கெஸ்டுக்குக் காட்டச் சொல்லலாம். இமேஜ் தயாரிப்பதே வேண்டாம். கோப்பைப் போட்டுக் கிளப்பினால் போதும்.

ஆனால் பெயர்ச் சிக்கல் இங்கே வேறு உருவில் திரும்புகிறது. எந்தக் கோப்பைக் கிளப்புவது என்ற பதிவு வட்டில் இல்லை, ஃபர்ம்வேரின் நினைவில் இருக்கிறது. ஓவிஎம்எஃப்பில் அந்த நினைவு ‘வார்ஸ்’ என்ற தனிக் கோப்பு. வட்டு இமேஜை மட்டும் நகலெடுத்து நண்பருக்குக் கொடுத்தால், அவரிடம் ‘ஷெல்’ என்ற கேள்வித் திரை வரக்கூடும். ‘கோட்’ கோப்பு எல்லா எந்திரத்துக்கும் பொது. ‘வார்ஸ்’ ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நகல். பலர் இதை உணராமல் இரண்டு எந்திரத்துக்கும் ஒரே ‘வார்ஸ்’ கொடுத்துவிட்டு, ஒன்றின் பதிவு மற்றதில் தோன்றுவதைப் பார்த்துத் திகைப்பார்கள். பதிவு எதுவும் இல்லாதபோது ஃபர்ம்வேர் கடைசியாகத் தேடும் இடம் ‘ஈஎஃப்ஐ’ அடைவுக்குள் ‘பூட்’ அடைவில் உள்ள ‘பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ’. கைமாறப்போகும் இமேஜ் என்றால் கிரப்பை ‘ரிமூவபிள்’ ஆப்ஷனோடு நிறுவி அந்த இடத்தில் வைத்துவிடுவதே புத்திசாலித்தனம்.

செக்யூர் பூட் வேண்டுமென்றால் ஓவிஎம்எஃப்பின் அதற்கான வடிவமும், கியூஎமுவில் கியூ35 எந்திர வகையும் தேவை. கையெழுத்திட்ட ஷிம், அது ஒப்புக்கொள்ளும் கிரப், அது ஒப்புக்கொள்ளும் கெர்னல் என்று சங்கிலி நீளும். இந்தச் சங்கிலியில் கிரப்பின் அமைவுக் கோப்புக்குக் கையெழுத்து கிடையாது. 2020 ஜூலையில் எக்லிப்சியம் நிறுவனம் வெளிப்படுத்திய பூட்ஹோல் ஓட்டை அங்கேதான் இருந்தது. அந்தக் கோப்பை வாசிக்கும் பகுதியில் பஃபர் வழிந்தது; விஷமமாக எழுதிய ஒரு வரியால் மொத்தச் சங்கிலியையும் உடைக்க முடிந்தது.

ஆர்ம், ரிஸ்க்-வி பக்கம் கதை சுருக்கம். கியூஎமுவின் ‘விர்ட்’ எந்திரம் தன் சாதனப் பட்டியலான டிவைஸ் ட்ரீயைத் தானே எழுதி நினைவகத்தில் வைக்கிறது. யூபூட்டை ஃபர்ம்வேராகக் கொடுத்தால் அது அந்தப் பட்டியலைப் படித்து வட்டைக் காண்கிறது. ரிஸ்க்-வியில் அதற்கு முன் ஓப்பன்எஸ்பிஐ ஓடும். நிஜப் பலகைக்கு எழுதிய யூபூட் கட்டளைகளை இங்கே அப்படியே ஓட்டக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். நினைவக முகவரிகள் வேறு.

எந்த வழியானாலும் சீரியல் கன்சோலை முதல் வேலையாக அமைக்கச் சொல்வேன். கிரப்பில் ஒன்று, கெர்னல் வாசகத்தில் ‘டிடிஒய்எஸ்0’ என்று ஒன்று. இரண்டில் ஒன்றை விட்டால் பாதிக் கதை வேறு திரையில் ஓடும். கியூஎமுவை உறைந்த நிலையில் கிளப்பி, ஜிடிபியை 1234 போர்ட்டில் இணைத்து, 7சி00 முகவரியில் நிறுத்தி ஒவ்வொரு அடியாகப் பார்ப்பது நிஜக் கணினியில் கிடைக்காத பாக்கியம். பூட்லோடரைப் பழகச் சிறந்த இடம் எமுலேட்டர் என்பதற்கு இது ஒன்றே போதும்.

இப்போது போக்கு பூட்லோடரையே கரைப்பதை நோக்கிப் போகிறது. யூகேஐ முறையில் கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், கெர்னல் வாசகம் மூன்றும் ஒரே ஈஎஃப்ஐ கோப்பாகக் கட்டிக் கையெழுத்திடப்படுகின்றன. திருத்த அமைவுக் கோப்பே இல்லை. பூட்ஹோல் மாதிரி ஓட்டைக்கும் இடமில்லை. சோதனைக்காக ஒரு ‘கன்சோல்’ சொல்லைச் சேர்க்க வேண்டுமென்றால்? கியூஎமு கெஸ்டுக்குக் காட்டும் எஸ்எம்பயாஸ் அட்டவணையில் ஒரு சரத்தை வைத்தால் சிஸ்டம்டியின் துவக்கப் பகுதி அதைப் படித்துச் சேர்த்துக்கொள்கிறது. அமைவு மறுபடியும் வட்டை விட்டு வெளியே வந்து, எமுலேட்டரின் கட்டளை வரியில் உட்கார்ந்துகொண்டது.

ஹோஸ்டையே நம்ப முடியாத ரகசிய எந்திரங்களில் இது தலைகீழாகிறது. ஏஎம்டியின் எஸ்இவி முறையில் ஹோஸ்ட்தான் கெர்னலைக் கொடுக்கிறது. ஆனால் அந்தக் கெர்னல், இனிட்ராம்எஃப்எஸ், வாசகம் மூன்றின் ஹேஷ் மதிப்புகளும் தொடக்கத்திலேயே அளவிட்டுப் பதியப்படுகின்றன. கெஸ்டுக்குள் இருக்கும் ஓவிஎம்எஃப் அவற்றைச் சரிபார்த்து, ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கிளப்ப மறுத்துவிடும். கியூஎமுவில் இதற்கான ‘கெர்னல்-ஹேஷஸ்’ ஆப்ஷனை நாமாக ‘ஆன்’ செய்ய வேண்டும். இயல்பிருப்பில் அது அணைந்தே இருக்கிறது.